பல் சீரமைப்பு கூரியரில் வரக் கூடாது

பல்லுக்குக் கம்பி கட்டுவது பள்ளிப் பிள்ளைகளின் விஷயம் என்ற எண்ணம் மாறிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் இன்று தெத்துப்பல்லைச் சரிசெய்துகொள்ள முன்வருகிறார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் ‘அலைனர்’ எனப்படும் நிறமற்ற பிளாஸ்டிக் உறை. 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம் இதை ‘இன்விசலைன்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ஆரம்பக் காப்புரிமைகள் 2017 வாக்கில் காலாவதியாகத் தொடங்கியதும் போட்டியாளர்கள் பெருகினார்கள். இந்த வளர்ச்சி நல்லதுதான். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டே பல வருடம் வாழ்ந்த ஒருவரிடம் ‘இந்த வயசில் இது எதுக்கு’ என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் பல் மருத்துவர் ஒருவர் நேரில் வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், இந்த உறையை அழகுசாதனப் பொருள்போல விற்பதை அனுமதிக்கவே கூடாது.

உறை செய்கிற வேலையைக் கவனித்தாலே இதற்கான காரணம் புரியும். வாயை ஸ்கேன் செய்து, பல் படிப்படியாக எப்படி நகர வேண்டும் என்று கணினியில் திட்டமிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் உறை தயாரிக்கிறார்கள். ஓர் உறை ஒரு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் கழற்றலாம். மற்றபடி நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தாக வேண்டும். உறை பல்லைத் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஆகவே நகர்வது பல் மட்டுமல்ல, அதைத் தாங்கும் எலும்பும் சேர்ந்தே மாறுகிறது. ஈறுநோயால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இதே அழுத்தம் பல்லை ஆட்டம் காண வைக்கும். கோரைப்பல்லைத் திருப்புவது, பல்லைக் கீழே இழுப்பது போன்றவை உறைக்கு எளிதில் வசப்படாதவை. அதற்காகவே பல்லின் மேல் பல் நிறத்தில் சிறு புடைப்புகளை ஒட்டுகிறார்கள். அப்படியும் முன்பற்களை வைத்து 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கணினி காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதமே வாயில் நடந்திருந்தது. 2020இல் வந்த அதன் தொடர் ஆய்வில் அது 50 சதவீதம். மீதியை இடையிடையே பார்த்துத் திருத்துவதற்குத்தான் மருத்துவர் வேண்டும்.

அந்த மருத்துவரை ஓரங்கட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 2014இல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப், வீட்டிலேயே பல்லின் அச்சு எடுத்து அனுப்பினால் உறைகளைத் தபாலில் அனுப்பியது. மருத்துவர் தொலைவிலிருந்து ஒப்புதல் அளிப்பார். சுமார் 2,000 டாலரில் முடிந்துவிடும் என்பதால் கூட்டம் குவிந்தது. 2019இல் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு டிசம்பரில் மூடப்பட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்களுக்குப் போக இடமில்லை. வாழ்நாள் உத்தரவாதம் என்று சொல்லப்பட்டது ரத்தானது; தவணையில் வாங்கியவர்கள் மட்டும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்திருந்தால், நிறுவனம் போனாலும் சிகிச்சை நின்றிருக்காது. இத்தனைக்கும் கலிபோர்னியா 2019லேயே, பல்லை நகர்த்தும் முன் எக்ஸ்ரேயைப் பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. நேரடிப் பரிசோதனைக்கு ஈடான மாற்று எதுவும் இல்லை என்று பிரிட்டனின் பல் மருத்துவ கவுன்சில் 2021இல் தெளிவுபடுத்தியது.

இதெல்லாம் நிபுணர்கள் தங்கள் தொழிலைக் காத்துக்கொள்ளச் சொல்வது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. கட்டணம் அதிகம், நிபுணர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். ஆனால் ஏழைக்கு மலிவான வழி வேண்டும் என்றால், சென்னையில் இருப்பது போன்ற அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை மாவட்டங்களுக்குப் பரப்பிக் குறைந்த செலவில் உலோகக் கம்பி கட்டச் செய்யலாம். கடினமான பல்வரிசைக்கு அந்தக் கம்பியே இன்றும் நம்பகமானது. லேசான நெரிசலுக்கு இவ்வளவு பரிசோதனை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கண்ணாடியில் லேசாகத் தெரிவதன் அடியில் முளைக்காத பல் ஒன்று புதைந்திருக்கலாம், வேர் குட்டையாக இருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் அதை லேசானது என்று எப்படிச் சொல்வது?

நம் நகரங்களிலும் வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுக்கிறார்கள், மாதத் தவணை என்று விளம்பரம் செய்கிறார்கள். வீட்டுக்கு வருவதில் தவறில்லை. சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும் பல் சீரமைப்பு நிபுணரின் பெயரும் பதிவு எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணம் வாங்கும் முன் அவர் நேரில் பார்த்து, எக்ஸ்ரேயைப் பரிசோதித்திருக்க வேண்டும். இதை அரசு கட்டாயமாக்க வேண்டும். கூடுதல் உறைகள் தேவைப்பட்டால் யார் செலவு, நிறுவனம் மூடப்பட்டால் ஸ்கேன் பதிவுகள் யார் கையில் என்பதும் எழுத்தில் வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால், இரவில் போடும் ரீடெய்னர் பல ஆண்டுகளுக்குத் தேவை. அதன் விலையையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.