பின்படலை

மூன்று மாத மழை ஒரு சிறு பலகையினுள் அகப்பட்டுக்கொண்ட கதையொன்றை இக்கிழமை வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன். கணினிப் பழக்கம் இல்லாதவர்களும் இதனை அஞ்சாது படிக்கலாம். வீட்டுக்கு முன்படலையோடு பின்படலையும் வேண்டும் என்பதை அறிந்தவர் யாவருக்கும் இது விளங்கும்.

2021 ஆம் ஆண்டு ஐப்பசியில், எங்கள் கல்லூரி மாணவர் சிலர் மழைமானியொன்றைச் செய்து, அதனைப் ‘பீகிள்போன் பிளாக்’ என்னும் சிறு கணினிப் பலகையோடு இணைத்தனர். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையிலே 512 மெகாபைற்று நினைவகமும், 4 கிகாபைற்று நிலையான சேமிப்பும் உண்டு. சேமிப்புச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டதாதலின், அதனைக் கழற்றி வேறொரு கணினியிற் செருக இயலாது. தை பிறக்கும்வரை பெய்த ஒவ்வொரு துளியின் கணக்கும் அச்சில்லிலேயே பதிந்திருந்தது. கணினி இருக்க ஏடு எதற்கு என்று கொப்பியில் எழுதுவதைப் பிள்ளைகள் கைவிட்டதும், நான் அதனைக் கண்டும் காணாதிருந்ததும் எங்கள் முதற் பிழைகள்.

அடுத்த பங்குனியிலே நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்தமை நினைவிருக்கும். பலகையின் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றது. மீண்டும் மின் வந்தபோது பலகையின் விளக்கு எரிந்தது. ஆனால் இயங்குதளம் எழவில்லை.

“சேர், செத்துப்போச்சு” என்று வந்து நின்றான், மழைமானிக்குப் பொறுப்பாயிருந்த மாணவன்.

“சாகவில்லைத் தம்பி, இன்னும் நித்திரையால் எழும்பவில்லை” என்றேன். அஃது ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மையும் அதுவே.

கணினியொன்று விழித்தெழுவது ஒரு குடும்பம் விடியலில் எழுவதை ஒத்தது. யாவரும் ஒருங்கே எழுவதில்லை. முதலில் ஒருவர் எழுந்து அடுப்பை மூட்டுகிறார். பின்னரே மற்றையோர் எழுகின்றனர். இப்பலகையில் முதலில் எழுவது, சில்லினுள்ளே ஆலையிலேயே பொறிக்கப்பட்ட மாறாத சிறு நிரல். அவ்வேளையில் பெரிய நினைவகம் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் அந்நிரல், மையச் சில்லின் உள்ளேயுள்ள சிறு நினைவிடத்திற் கொள்ளுமளவு, அதாவது 109 கிலோபைற்றுக்கு மேற்படாத, இரண்டாம் நிரலொன்றை மட்டும் அழைக்கும். இரண்டாம் நிரல் பெரிய நினைவகத்தை எழுப்பி மூன்றாவதனை அழைக்கும். அந்த மூன்றாவதே ‘யூ-பூட்’ என்னும் தொடக்க ஏற்றி. அதுதான் ஈற்றில் இயங்குதளத்தை எழுப்பிவிட்டுத் தான் விலகிக்கொள்வது.

யூ-பூட் ஜேர்மனியரான வூல்ஃப்காங் டெங்க் என்பவர் தொடக்கிவைத்த நிரல். 2002 இல் இப்பெயரைப் பெற்றது. ஜேர்மன் மொழியில் இச்சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்பது பொருள். எவரும் இலவசமாகப் பெற்று, மூலத்தைப் படித்து, தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் பலகையில் உடைந்தது இயங்குதளம் மட்டுமே; யூ-பூட் உயிரோடிருந்தது. தொடர்முனைக் கம்பியை மடிக்கணினியிற் பொருத்தி, தக்க சமயத்தில் ஒரு விசையைத் தட்டியவுடன், கட்டளைக்குக் காத்து நின்றது.

யூ-பூட்டிடம் ‘யூஎம்எஸ்’ என்றொரு கட்டளை உண்டு. அதனை இட்டால், பலகை தன்னை ஒரு யூஎஸ்பி சேமிப்புக் கோலாகக் காட்டிக்கொள்ளும். தன் வயிற்றிலுள்ள சில்லை முழுவதும் எதிரிலுள்ள கணினிக்குத் திறந்து வைக்கும். எங்களுக்கு வேண்டியது அதுவே. நம்பிக்கையோடு தட்டச்சிட்டேன். அறியாத கட்டளை என்று மறுமொழி வந்தது.

காரணத்தை நான் அறிவேன். ஆறு மாதங்களுக்கு முன் அந்த யூ-பூட்டைத் தொகுத்தவன் நானே. பலகை விரைவாக எழவேண்டும் என்னும் ஆசையால், தேவையற்றவை என்று எனக்குத் தோன்றியவற்றையெல்லாம் தெரிவுப் பட்டியலில் நீக்கியிருந்தேன். யூஎஸ்பி புறச்சாதன ஆதரவும் அவற்றுள் ஒன்று. அதனை மாணவனிடம் ஒளிக்காமற் சொன்னேன்.

“ஏன் சேர் அதை எடுத்தனீங்கள்?”

“ஒருநாளும் பாவிக்கவில்லையே என்று எடுத்தேன்” என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இருக்கவில்லை.

புறச்சாதன ஆதரவு யாதென்பதை இங்குச் சிறிது விளக்கவேண்டும். யூஎஸ்பி மிகக் கண்டிப்பான வகுப்பறை. அங்கே ஆசிரியர் ஒருவரே, மற்றையோர் மாணாக்கர். கேளாமல் எம்மாணாக்கனும் வாய் திறத்தலாகாது. மேசைக் கணினி ஆசிரியர். சுட்டியும் விசைப்பலகையும் சேமிப்புக் கோலும் மாணாக்கர். புதிய மாணாக்கன் வந்தமையை ஆசிரியர் எவ்வாறு அறிவார்? அவன் தரவுக் கம்பிகளுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடையினூடாக மேலிழுக்கிறான். அது கையுயர்த்துவது போன்றது. உடனே ஆசிரியர் அவனுக்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை வழங்கி, நீ யார், எவ்வூர், என்ன செய்வாய் என்று வினவுவார். அதற்கு அவன் தன்னை ஆக்கியோர் எண், தன் வகை எண், தான் செய்யும் தொழில் ஆகியவற்றை ஒழுங்காக ஒப்புவித்தல் வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் வகுப்பில் இடமில்லை.

எங்கள் பலகை சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் ஆசிரியராக இருக்கவல்லது. மேசைக் கணினியின் முன்னே மாணாக்கனாகவும் இருக்கவல்லது. ஆயினும் எப்பொருத்துவாயில் எவ்வேடம் என்பதை நாமே முன்கூட்டி எழுதிவைத்தல் வேண்டும். மடிக்கணினியில் யூ-பூட்டின் மூலத்தைத் திறந்து, மாணவனை அருகில் இருத்தி, மீண்டும் தெரிவுப் பட்டியலுக்குச் சென்றேன்.

முதலாவதாக, யூஎஸ்பி ‘காட்ஜெட்’ ஆதரவு என்னும் தெரிவை இட்டோம். புறச்சாதன வேடத்துக்கு அங்கே வழங்கும் பெயர் அது. இரண்டாவதாக, இச்சில்லிலுள்ள யூஎஸ்பிக் கட்டுப்படுத்தியின் செலுத்தியை அவ்வேடத்துக்குரியதாகத் தெரிந்தோம். கட்டுப்படுத்திகள் பலவகையாதலின், ஒரு பலகைக்கு உரியது மற்றொன்றுக்கு உதவாது. மூன்றாவதாக, ஆக்கியோர் எண்ணையும் வகை எண்ணையும் சரிபார்த்தோம். நான்காவதாக, யூஎம்எஸ் கட்டளையைச் சேர்த்தோம். ஈற்றில், பலகையின் உறுப்புகளை விவரிக்கும் சாதன விவரக் கோப்பிலே, சிறிய வாய்க்குப் புறச்சாதனம் என்றும் பெரிய வாய்க்குத் தலைமை என்றும் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு உறுதிசெய்தோம். இவ்வைந்தில் ஒன்று விடுபட்டாலும் மற்றை நான்கும் வீணாம்.

தொகுத்துப் பெற்ற கோப்புகள் இரண்டு. முழு இயங்குதளத்தை அட்டையொன்றில் ஏற்றியும் சில்லைப் படித்திருக்கலாமே என்று விடயமறிந்தோர் வினவுவர். செய்திருக்கலாம், ஆனால் அந்நாட்களில் எங்கள் கையிலிருந்தது பழைய கைத்தொலைபேசியிலிருந்து எடுத்த 128 மெகாபைற்று அட்டை மட்டுமே. இயங்குதளம் அதில் அடங்காது. இவ்விரு சிறு கோப்புகளும் தாராளமாக அடங்கின. அட்டையைச் செருகி, பலகையிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தவாறே மின் கொடுத்தோம். அவ்வாறு செய்தால் பலகை பழைய யூ-பூட்டை விடுத்து, அட்டையிலுள்ள புதியதை நாடும்.

கட்டளையை இட்டேன். பலகை ஏற்றுக்கொண்டு காத்திருந்தது. மடிக்கணினியிலோ ஓர் அசைவும் இல்லை. ஐந்து தெரிவுகளையும் மீண்டும் பார்த்தோம், பிழை காணவில்லை. கால் மணி நேரம் கழிந்தபின், “சேர், இந்த வயர் ஸ்பீக்கரோட வந்தது” என்றான் மாணவன். ஒலிபெருக்கிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட கம்பி அது. மின்னைக் கொண்டுசெல்லும் இரு இழைகள் அதனுள் இருந்தன. பேச்சைக் கொண்டுசெல்லும் இரு இழைகள் இல்லை. விளக்கு எரிகின்றதே என்று நான் ஏமாந்தேன், அவன் ஏமாறவில்லை.

வேறு கம்பி தேடிப் பொருத்தியதும் திரையிலே புதிய சேமிப்பொன்று தோன்றியது. அவ்வேளையில் மீண்டும் மின்சாரம் போயிற்று. ஆயினும் பலகை அணையவில்லை. அதே கம்பியினூடாக மடிக்கணினியின் மின்கலமே அதற்கும் உணவூட்டிக்கொண்டிருந்தது. உடைந்த சேமிப்பில் எதனையும் எழுதக்கூடாது; முதலில் முழுவதையும் ஒரு படி எடுத்துக்கொண்டு, திருத்தங்களைப் படியிலேதான் செய்யவேண்டும். ஆகவே இருளிலே இருந்து, படி நிறைவதையும் மின்கலம் குறைவதையும் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணிக்கு மேலாயிற்று. மின்கலம் பதினொரு வீதத்துக்கு இறங்கியபோது படி முற்றுப்பெற்றது. அதனைத் திறந்தோம். ஐப்பசி மழையின் முதல் வரி முதல், தை மாதத்து இறுதி வரி வரை யாவும் இருந்தன.

இதனைப் படித்து, எல்லாச் சாதனங்களிலும் இவ்வழியைத் திறந்து வைப்பீர் என்று நான் சொல்லவில்லை. பின்படலை வீட்டாருக்கும் வழி, கள்வனுக்கும் வழி. பொதுவிடத்தில் நிற்கும் யந்திரத்திலே இக்கட்டளை காவலின்றி இருந்தால், கம்பியோடு வரும் எவரும் அதன் உள்ளேயுள்ள அனைத்தையும் அள்ளிச் செல்லலாம், மாற்றியும் எழுதலாம். அத்தகையவற்றில் கட்டளைத் திரைக்குக் கடவுச்சொல் இடுவதோ, புறச்சாதன ஆதரவை நீக்குவதோ தக்கது. பூட்டிய விஞ்ஞானகூடத்தில் உள்ள மழைமானிக்கு அக்கவலை இல்லை. நீக்குவதாயினும் அறிந்து நீக்கவேண்டும். பாவிக்கவில்லை என்பது ஒன்றே நீக்குவதற்குக் காரணமாகாது.

யூ-பூட்டைத் தொடக்கிய டெங்க் அவர்களும் அதே 2022 ஆம் ஆண்டிலே காலமானார். ஏட்டில் ஒரு மாணவன் மழையளவை எழுதிவைப்பதற்கு அவர் எவ்வகையிற் கடமைப்பட்டவர் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. எங்கள் பலகை இன்றும் இயங்குகின்றது. புதிய யூ-பூட் எழுவதற்குப் பழையதைவிடச் சிறிது கூடுதலான நேரம் எடுக்கும். அதனை எவரும் குறையாகக் கூறவில்லை. அருகிலே நூல் கட்டிய பென்சிலோடு ஒரு கொப்பியும் தொங்குகின்றது.