சாம்பாரும் சப்பாத்தியும் சிறுகுடலும்

நம் சங்கக் கூட்டம் எதற்காகக் கூடினாலும் கடைசியில் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். சப்பாத்தி நம்மவர்க்கு ஒத்துக்கொள்ளுமா, மெஸ் சாம்பாரில் பருப்பு உண்டா என்று மணிக்கணக்காக வாதிடுவோம். நானும் வாதிட்டவன்தான். ஆனால் சென்ற மழைக்காலத்தில் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தபின், நாம் சண்டையிடும் இடமே தவறு என்று எனக்குப் படுகிறது.

தட்டில் விழுவதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை. இடையில் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் இருக்கிறது. அதன் உட்சுவரெங்கும் மடிப்புகள். மடிப்புகளின்மேல் விரல்போன்ற குடலுறிஞ்சிகள். அத்தனையையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டு, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். பாட்மிண்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை! (அந்த ஆட்டத்துக்கு ஒரு காலத்தில் 'பூனா' என்றே பெயர், நமக்கேற்ற அளவுகோல்தான்.) இரும்புச்சத்து பெரும்பாலும் இதன் முற்பகுதியிலும், வைட்டமின் பி12 கடைசிப் பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன.

அந்த உறிஞ்சிகள் மழுங்கினால்? விடை தேட வெளிநாடு போக வேண்டாம். 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்னும் நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. உண்ட கொழுப்பும் வைட்டமின்களும் சரிவர உறிஞ்சப்படாமல் மக்கள் மெலிந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நோயில்லாதவர் என்று எண்ணப்பட்ட நம் மக்களின் குடலிலும் உறிஞ்சிகள் மேனாட்டாருடையவற்றைவிட மழுங்கியே இருந்தன என்பது அங்கு தெரிந்த இன்னொரு செய்தி. பிறவிக் குணமோ என்றால், அதுவுமில்லை. நியூயார்க்கில் சில ஆண்டுகள் வாழ்ந்த இந்தியர்களின் குடல் தேறியிருந்ததை 1971-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அசுத்தமான நீரும் சூழலுமே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

"இந்தத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்கள்தானே நாம்!" என்று என் அறை நண்பர் சொல்வார். அந்தக் கிராமத்தாரும் பழகியவர்கள்தாம், ஐயா!

2025 ஜனவரியில் இதே புனேயில், சிங்ககட் சாலைப் பக்கம், கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் பலரைப் படுக்கையில் தள்ளியது. நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் காம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற கிருமி கண்டறியப்பட்டது. சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தின் பெயரையே தாங்கிய கிருமி. நகரமே தண்ணீரைப் பற்றிப் பேசியது. நாம் என்ன செய்தோம்? என் விடுதி மாடித் தொட்டியின் மூடி உடைந்து கிடந்ததை எல்லோரும் கண்டோம். சாம்பாருக்காக மூன்று மனு எழுதினோம். மூடிக்காக ஒன்றுகூட எழுதவில்லை. எழுதாதவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று, நம் கையிலேயே இருப்பது. சாப்பிட்ட கை காயுமுன் 'அமிர்ததுல்ய' கடைக்கு ஓடுகிறோமே, அந்தத் தேநீரிலுள்ள டானின், கீரையும் பருப்பும் தரும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். இரத்தசோகை மிகுந்த நம் மாணவியர்க்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். மெஸ் குழு மாதம் ஒருமுறை தொட்டியைப் பார்வையிட வேண்டும். நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வழிமொழிய ஒருவர் தேவை. சாம்பார்க் கட்சியாயினும் சரி, சப்பாத்திக் கட்சியாயினும் சரி.