கார் அனுப்பினால் போதுமா?

மாநாட்டு அழைப்பிதழ் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ‘வந்து சேரும் வழி’ என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். விமான நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர், சென்ட்ரலிலிருந்து இத்தனை, எழும்பூரிலிருந்து இத்தனை. அவ்வளவுதான். எந்த வண்டியைப் பிடிப்பது, எந்த நிறுத்தத்தில் இறங்குவது, இரவு ஒன்பதரைக்கு விருந்து முடிந்தபின் எப்படித் திரும்புவது என்பதெல்லாம் அதில் இருக்காது. சென்னைக்காரர் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ‘காலை நேரத்துல ஒன்றரை மணி நேரம் ஆகும்’ என்றுதான் சொல்வோம். அந்தக் கணக்கை நமக்கென்று வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரருக்குக் கிலோமீட்டரைக் கொடுக்கிறோம்.

சென்னைக்கு மாநாட்டு நகரமாக வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆசைப்படத் தகுதியும் உண்டு. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் 2001 முதல் இயங்குகிறது. உலக முதலீட்டாளர் மாநாடு 2015, 2019, 2024 என்று மூன்று முறை அங்கே நடந்திருக்கிறது. 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டுக்கு நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஆட்கள் வந்தார்கள். நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டம் பூசிக்கொண்டது. இவை பெரிய விழாக்கள். மருத்துவர் சங்கக் கூட்டம், பொறியியல் கல்லூரிக் கருத்தரங்கு, தமிழ் ஆய்வு மாநாடு, கணக்காளர் கூட்டம் என்று ஆண்டு முழுக்க நகரில் நடப்பவை வேறு. மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் பஞ்சமில்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

நம் மாநாடுகளில் போக்குவரத்துக் குழு என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் முக்கால்வாசி வேலை, சிறப்பு விருந்தினர்களுக்குக் கார் அனுப்புவது. வருகை வாயிலில் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கல்லூரி மாணவர் நிற்பார். கையில் பூங்கொத்து, வெளியே குளிரூட்டிய கார். இதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தவரைத் தெருவில் விடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அது. ஆனால், சிக்கலின் வேர் அந்தக் கார்தான் என்பேன். துவக்கவுரை ஆற்றுபவர், அமர்வுத் தலைவர், வாழ்த்துரை வழங்கும் அதிகாரி, மண்டபத்தை நடத்துபவர் என முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஒருவரும் பேருந்தில் வருவதில்லை. மற்ற பேராளர்கள் கிடைத்த ஆட்டோவில் வந்து, தாமதத்துக்குத் தாங்களே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் புகார் எழுதுவதில்லை. புகார் வராததால், எல்லாம் நன்றாக நடந்ததாக நன்றியுரையில் சொல்லிவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருத்துவர் நந்தம்பாக்கம் வருவதாக வைத்துக்கொள்வோம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிவிட்டது. தமிழ் அவருக்குத் தாய்மொழி, ஊர்தான் புதிது. விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, 2016 செப்டம்பர் முதல். ஏறினால் மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, அடுத்தது ஆலந்தூர். பத்து நிமிடம்கூட ஆகாது. சுத்தமான வண்டி, தமிழிலும் அறிவிப்பு. இதுவரைக்கும் சென்னை எந்த உலக நகருக்கும் சளைத்ததில்லை.

ஆலந்தூரில் இறங்கியதும் கதை மாறுகிறது. அந்த நிலையம் இரண்டடுக்கு. மேலே ஒரு வழித்தடம், கீழே ஒரு வழித்தடம். படியிறங்கி வெளியே வந்தால் கத்திப்பாரா. அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, நூறடிச் சாலை, மவுண்ட்–பூந்தமல்லி சாலை எல்லாம் வந்து சுற்றிக்கொள்ளும் இடம் அது. தலைக்கு மேலே 2008-இல் கட்டிய மேம்பாலம். வர்த்தக மையம் அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். பேருந்துக்குக் குறைவில்லை, பிராட்வேயிலிருந்து பூந்தமல்லி போகும் 54 அந்தச் சாலையில்தான் போகிறது. ஷேர் ஆட்டோவும் உண்டு. ஆனால் ஓட்டுநர் கூவுவது ‘போரூர், போரூர்’ என்று. ‘டிரேட் சென்டர்’ என்று ஒருவரும் கூவ மாட்டார். போரூர் வண்டி நந்தம்பாக்கத்தைத் தாண்டித்தான் போகும் என்பது தெரிந்தவருக்குத்தான் அந்தக் கூவல் பயன்படும். பேருந்து நெற்றியில் எழுதியிருப்பதும் கடைசி ஊரின் பெயர்தான். ஆக, எல்லா வண்டியும் அவர் முன்னால் போகிறது. எதிலும் அவர் ஏற மாட்டார். ஒரே ஒரு பலகை, ‘வர்த்தக மையம் செல்ல இங்கே நிற்கவும், இன்னின்ன எண் பேருந்து’ என்று நிலைய வாயிலில் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

அவர் ஆட்டோவைத்தான் பிடிப்பார். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய்கூட வராது. அந்தக் காசுக்கு மீட்டர் போட்டு வரும் ஓட்டுநர் யாராவது இருந்தால் அவருக்குத்தான் மாநாட்டில் பொன்னாடை போர்த்த வேண்டும். ஓட்டுநர்களை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. எரிபொருள் விலை எங்கோ போன பிறகும் ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் விட்ட கட்டணம் அது. ஓட்டுநரும் அதை நம்பவில்லை, பயணியும் நம்பவில்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர், பேரம் பேசத் தெரியாத வெளியூர்க்காரர்.

இதெல்லாம் பகலில். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவைச் சுற்றித்தான் வந்து இறங்குகின்றன. மெட்ரோவோ இரவு 11 மணியோடு ஓய்ந்து, காலை 5 மணிக்குத்தான் மறுபடி ஓடத் தொடங்கும். செயலியில் வாடகைக் கார் அழைத்தால், பெட்டியை உருட்டிக்கொண்டு பலமாடி வாகன நிறுத்தகம் வரை போக வேண்டும்.

விமானத்தில் வருபவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டுக் கருத்தரங்குகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நெல்லை, பொதிகை, பாண்டியன் ரயில்களில் வருகிறார்கள்; அல்லது இரவுப் பேருந்தில். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், தென்மாவட்டப் பேருந்துப் பயணிக்கு நகரத்தின் வாசல் இன்னும் தெற்கே தள்ளிப் போய்விட்டது. நாகர்கோவில் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை காலை ஐந்தரைக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். பதிவு மேசை திறப்பது எட்டரைக்கு. இடையில் மூன்று மணி நேரம். பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், புடவை மாற்ற வேண்டும், பெட்டியை எங்காவது வைக்க வேண்டும். ஒருநாள் கூட்டத்துக்கு அறை எடுத்தால், பேராளர் கட்டணத்தைவிட வாடகை கூடுதலாகிவிடும். ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் வரிசையில் நின்று முகம் கழுவிக்கொண்டு, கசங்கிய புடவையோடு வந்து கட்டுரை வாசிக்கிறார். பெட்டி பதிவு மேசைக்கு அடியில் கிடக்கிறது. பக்கத்துக் கல்லூரி விடுதியில் நாலு குளியலறையைக் காலை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குவது பெரிய காரியமா? எந்த நிகழ்ச்சி நிரலிலும் ‘காலை 6 – 8: குளியல்’ என்று ஒரு வரியை நான் பார்த்ததில்லை. ‘தேநீர் இடைவேளை’ மட்டும் தவறுவதில்லை.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

சிங்கப்பூரில் எக்ஸ்போ அரங்கம் 1999-இல் திறந்தது. 2001 ஜனவரியில் அதன் வாசலிலேயே ரயில் நிலையம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு சாங்கி விமான நிலையத்துக்கும் அதே தடம் நீண்டது. இன்று விமான நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எக்ஸ்போ. சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. டெல்லி துவாரகாவில் யசோபூமி மாநாட்டு மையம் 2023 செப்டம்பர் 17 அன்று திறக்கப்பட்டது; விமான நிலைய விரைவுத் தடத்தை அங்குவரை நீட்டி, அதன் மெட்ரோ நிலையத்தையும் அதே நாளில் திறந்தார்கள். மண்டபத்தையும் ரயிலையும் ஒரே திட்டமாக வரைந்தால் இது நடக்கும்.

அதே டெல்லியில், அதே மாதம், நேர்மாறான காட்சியும் அரங்கேறியது. பாரத் மண்டபத்தில் ஜி20 உச்சி மாநாடு நடந்தபோது, அதற்கு அருகிலுள்ள உச்ச நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் பயணிகள் ஏறவும் இறங்கவும் பாதுகாப்புக் காரணமாகத் தடை. நாட்டுத் தலைவர்கள் கூடும் இடத்தில் அது தேவையாக இருக்கலாம். ஆனால் ஓர் அமைச்சர் வந்து விளக்கேற்றும் கருத்தரங்குக்கும் இதே பழக்கம் சின்ன அளவில் வந்துவிடுகிறது. அவர் வண்டி போகும்வரை சாலை நிற்கும். கட்டணம் கட்டிய பேராளர் ஆட்டோவுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பார்.

ஜெனீவா இன்னொரு வழியைப் பிடித்தது. ஐ.நா. மனித உரிமைப் பேரவைக் கூட்டங்களுக்குப் போய்வரும் ஈழத்தமிழ்ச் செயற்பாட்டாளர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம்: விடுதியில் தங்கும் ஒவ்வொருவருக்கும், தங்கும் நாள்கள் முழுக்க, நகரப் பேருந்திலும் டிராமிலும் ரயிலிலும் கட்டணமில்லாப் பயண அட்டை. விருந்தினர் விடுதியில் செலுத்தும் தங்கல் வரியிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. தூதரானாலும் மனுவோடு வந்த தாயானாலும் அட்டை ஒன்றுதான். விலையுயர்ந்த அந்த ஊரில் பணமில்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

ஐ.பி.எல். காட்டிய வழி

ஜெனீவா வரைகூடப் போக வேண்டாம். 2024 ஐ.பி.எல். பருவத்தில் சேப்பாக்கம் ஆட்டத்துக்கு நுழைவுச் சீட்டு வைத்திருந்தவர்கள், அந்தச் சீட்டையே காட்டி மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம்வரை போய்வந்தார்கள். கட்டணத்தை ஏற்பாட்டாளர்களே பார்த்துக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு முடிந்தது, மருத்துவ மாநாட்டுக்கு முடியாதா? 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியும் வந்துவிட்டது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். கருவி கையில் இருக்கிறது. பேராளர் பதிவு எண்ணையும் பயணச் சீட்டையும் இணைக்கும் ஓர் ஏற்பாடுதான் பாக்கி.

செலவைக் கணக்குப் பார்ப்போம். சென்னை மெட்ரோவில் மிகக் கூடிய கட்டணமே 50 ரூபாய். மூன்று நாள் மாநாட்டுக்கு ஒருவர் தினமும் போய்வந்தால் 300 ரூபாயைத் தாண்டாது. மாநாட்டுப் பையில் நாம் போட்டுக் கொடுக்கும் குறிப்பேடு, பேனா, யாரும் திறந்து பார்க்காத விழா மலர், பிறகு மேடையில் போர்த்தும் பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள் இவற்றில் பாதியைக் குறைத்தாலே அந்தப் பணம் வந்துவிடும். பொன்னாடையை விட்டுக்கொடுக்க நம் மேடைகள் ஒப்புமா என்பது வேறு கேள்வி.

மாநாட்டின் பெயரால் ஊருக்கு எதையாவது கட்டிவைப்பது நமக்குப் பழைய வழக்கம். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் பத்துச் சிலைகள் எழுந்தன. 1995 மாநாட்டுக்காகத் தஞ்சையில் மணிமண்டபம் எழுந்தது. சிலைகளின் மேல் எனக்கு வருத்தமில்லை; அவற்றைப் பார்க்காமல் கடற்கரைச் சாலையில் நடக்கவே முடியாது. ஆனால், மாநாட்டுக்கு வந்தவர் நடந்த வழி, நின்ற நிறுத்தம், இறங்கிய நிலையம் ஆகியவை அதே அக்கறையைப் பெற்றதில்லை. அவற்றைத் திறந்துவைத்தால் கல்வெட்டில் பெயர் பெரிதாக வராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரசு மண்டபங்களைப் பொறுத்தவரை இதைச் சரிசெய்ய ஒரு விதி போதும். ஐந்நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்வுக்கு அரங்கை வாடகைக்குக் கேட்பவர், தீயணைப்புச் சான்றோடு போக்குவரத்துத் திட்டம் ஒன்றையும் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிடலாம். ஆலந்தூரிலிருந்து இணைப்பு வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி வண்டி எப்போது, சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன வழி, இரவு திரும்பும் பெண்களுக்கு யார் பொறுப்பு. ஒரு பக்கத்தில் எழுதி அடக்கிவிடலாம்.

நந்தம்பாக்கத்துக்கு மெட்ரோவே வரப்போகிறது. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. அதில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தில் வர்த்தக மையத்துக்கென்றே ஒரு நிலையம். ஆலந்தூரில் வண்டி மாறினால் போதும் என்றாகிவிடும். ஆனால் நிலையத்தின் படிக்கட்டு எங்கே இறங்குகிறது, அதற்கு எதிரே வளாகத்தில் நடந்து வருபவருக்கு வாயில் இருக்குமா, இடையில் வெயிலுக்கும் மழைக்கும் கூரை உண்டா என்பவை மெட்ரோ நிறுவனம் மட்டும் தீர்க்கக்கூடியவை அல்ல. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, நடைபாதை மாநகராட்சியுடையது, வாயில் வர்த்தக மையத்துடையது. இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காகத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இலேயே சட்டம் இயற்றினார்கள். குழுமம் அந்தக் கூட்டத்தை நந்தம்பாக்கத்திலேயே, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வைக்கலாம். யாருக்கும் கார் அனுப்ப வேண்டாம். ஆலந்தூர்வரை மெட்ரோவில் வரட்டும்.