துரோணர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பாரதக் கதையிலே ஏகலைவன் வித்தை கேட்கப் போனான். துரோணர் அவன் வேடர் குலத்தவன் என்றறிந்து இல்லையென்றார். பிறகு அவன் தானே கற்றுக்கொண்ட வித்தைக்கு வலதுகைக் கட்டை விரலைத் தட்சணையாக வாங்கிக்கொண்டார். இப்பேர்ப்பட்டவர் பெயரால்தான் 1985-ம் வருஷ முதல் நமது சர்க்கார் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுத்து வருகிறது! இது நிற்க.

சென்ற வாரம் ஒரு வாலிபத் தோழர், தமது ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாய் இருக்கவேண்டுமென்று ஒரு பேராசிரியருக்கு எழுதியிருந்த கடிதத்தை நம்மிடம் காட்டினார். "பரம பூஜ்ய குருதேவர் அவர்களின் பாதாரவிந்தங்களுக்கு" என்று துவக்கம். அரைப் பக்கம் துதி. தாம் எதை ஆராயப் போகிறார், அந்தப் பேராசிரியரின் எந்த நூலைப் படித்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. பெயரை மட்டும் மாற்றி இதையே நாற்பது பேருக்கு அனுப்ப உத்தேசமாம். அதிலும் வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழித்து அனுப்பவேண்டுமென்று தாயார் உத்தரவாம். மின்னஞ்சலுக்குமா ராகுகாலம்? அவர் அனுப்புகிற நேரம் நல்ல நேரமானாலும், அந்தப் பேராசிரியர் அதைத் திறக்கிற நேரம் எமகண்டமாய் இருந்தால் என்ன செய்வது?

1913 ஜனவரி 16-ந் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்திலிருந்த குமாஸ்தா இராமானுஜம், கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். காலேஜ் பரீட்சையில் தவறியவர். அவர் கடிதத்தோடு அனுப்பியது துதியல்ல. பக்கம் பக்கமாய்க் கணக்கு. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொல்வதாக அவர் நம்பினார். ஆனால் தபாலைப் பிரித்துப் படித்து, லிட்டில்வுட்டையும் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தவர் கடவுளை நம்பாத ஹார்டியேயாவார். கடல் தாண்டினால் ஜாதி போகுமென்ற பயத்தால் இராமானுஜம் புறப்படவே 1914 மார்ச்சு ஆகிவிட்டது.

தோழர் அம்பேத்கர் சங்கதியைப் பாருங்கள். இலண்டனில் அவர் வழிகாட்டி எட்வின் கேனன். 1923-ல் அம்பேத்கரின் ரூபாய்ப் பிரச்சினை நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. அதில், இவர் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஒப்பவில்லையென்றும், தப்பென்று தோன்றிய இடத்திலும் இவர் கருத்தில் புதுமை கண்டதாகவும் பகிரங்கமாக எழுதினார். மாறுபட்டதற்காகக் கட்டை விரலைக் கேட்கவில்லை. நம் நாட்டுக் 'குரு'வுக்கு மறுத்துப் பேசிய சீடன் என்ன கதியாவான்?

இந்தக் கேள்வி வேடிக்கைக்கல்ல. நம் மாணவன் மாதாமாதம் உபகாரச் சம்பளம் வாங்க வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். ஆராய்ச்சியை ஒப்புவிக்கவும் அதே கையெழுத்து. 2022-ம் வருஷத்து யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம். அந்த எட்டு இடத்துக்கு ஆளெடுக்கும்போது கேள்வியைப் பார்க்காமல் ஊரையும் தகப்பன் பெயரையும் துருவுகிறவர் இன்று ஒருவருமில்லையென்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம். அப்படித் துருவுகிறவரிடம் ஜாதிக்காரர் சிபார்சுச் சீட்டோடு போய் நிற்பதும் அதற்கு எண்ணெய் ஊற்றுவதேயாகும். முதல் கடிதத்திலேயே காலில் விழுந்தவன், ஐந்து வருஷம் கழித்தா எழுந்து நிற்கப்போகிறான்? அவர் வீட்டுக் காய்கறியையும் அவன்தான் வாங்கி வருவான்.

வாலிபர் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். தான் யார், பேராசிரியரின் எந்தக் கட்டுரையில் தனக்கு எந்த இடத்தில் ஐயம், அதை எப்படிச் சோதிக்க எண்ணம், அவரிடம் இடம் உண்டா — பன்னிரண்டு வரி. ஒருவருக்கு மட்டும். வெள்ளிக்கிழமை பகல் 11 மணிக்கு, நல்ல ராகுகாலத்தில் அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்து, இன்னொரு முறை எழுதச் சொல்லியிருக்கிறோம்.