மறுக்கப்பட்ட கடனும் மறைக்கப்படும் காரணமும்

வீட்டுக் கடனுக்காகவோ, முச்சக்கரவண்டி குத்தகைக்காகவோ, கடையை விரிவுபடுத்துவதற்காகவோ வங்கிப் படியேறும் ஒருவர், சம்பளப் பத்திரம், உறுதி, பிணையாளிகளின் கையொப்பம் என அனைத்தையும் சமர்ப்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கின்றார். இறுதியில், "உங்களுக்குக் கிரிப்பில் பிரச்சினை இருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியத்துடன் பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். என்ன பிரச்சினை, எந்தக் கடன், எந்த ஆண்டு, யார் அறிவித்தது என்பன அந்த வாக்கியத்தில் இல்லை.

"கிரிப்" எனப் பேச்சு வழக்கில் குறிப்பிடப்படும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டதாகும். தெற்காசியாவில் இத்தகைய பணியகம் முதன்முதலில் அமைக்கப்பட்டது இலங்கையிலேயே. மக்கள் கருதுவது போன்று இது கறுப்புப் பட்டியல் அல்ல. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வழங்கும் தகவல்களைத் திரட்டி, ஒழுங்காகச் செலுத்தப்பட்ட கடன்களையும் நிலுவையிலுள்ள கடன்களையும் ஒருசேரப் பதிவு செய்வதே அதன் பணி. கடனை வழங்குவதா மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பது வங்கியேயன்றிப் பணியகமல்ல. எனினும், நடைமுறையில் அந்தப் பதிவே பலரின் தலைவிதியை நிர்ணயிக்கின்றது.

பதிவுகள் தவறாக அமைவதற்கு வழிகள் பல உண்டு. கடனைச் செலுத்தி முடித்த பின்னரும் நிறுவனம் அதனை உரிய காலத்தில் அறிவிக்காதிருக்கலாம். 2016ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்களாக மாற்றப்பட்டதால், ஒருவருக்கே பழைய, புதிய என இரு இலக்கங்கள் வழக்கிலுள்ளன. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட தமிழ்ப் பெயர்களும், முகம்மது என்ற பெயரைத் தாங்கிய முஸ்லிம் பெயர்களும் ஆங்கிலத்தில் அலுவலகத்துக்கு ஒரு விதமாக எழுதப்படுவதை நாம் அறிவோம். யுத்தத்தில் வீட்டோடு பற்றுச்சீட்டுகளையும் இழந்த ஒருவர், தாம் செலுத்திய பணத்தை நிரூபிப்பது எளிதன்று. இவற்றுக்கு மேலாக, நண்பருக்காகவோ உறவினருக்காகவோ பிணையாளியாகக் கையொப்பமிட்டவரின் பெயரும் பதிவில் இடம்பெறுகின்றது. கடன் பெற்றவர் தவணையைத் தவறவிட்டதை, தமது விண்ணப்பம் நிராகரிக்கப்படும் நாளிலேயே பிணையாளி அறிய நேரிடலாம்.

இதே பிரச்சினையை அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு முன்னரே எதிர்கொண்டது. அந்நாட்டில் 1970ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட நியாயமான கொடுகடன் அறிக்கைச் சட்டம் இவ்விடயத்தில் முன்னோடியாகும். கொடுகடன் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு விண்ணப்பமொன்று நிராகரிக்கப்பட்டால், எந்தப் பணியகத்தின் அறிக்கை பயன்படுத்தப்பட்டது என்பதை விண்ணப்பதாரருக்கு அறிவிக்க வேண்டும். அவர் 60 நாட்களுக்குள் கோரினால் அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். தவறு சுட்டிக்காட்டப்பட்டால், பணியகம் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். இந்த ஏற்பாடு வீணானதல்ல என்பதை, அந்நாட்டின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. ஆய்வில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவரது அறிக்கைகளில் ஒன்றிலேனும் திருத்தப்பட வேண்டிய தவறு இருந்தது. கணினி வசதியும் கண்காணிப்பும் மிகுந்த நாட்டிலேயே நிலைமை இதுவெனில், ஏனைய நாடுகளின் பதிவேடுகள் குற்றமற்றவை எனக் கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

அமெரிக்கா செல்வந்த நாடு, அதன் வழக்கம் நமக்குப் பொருந்தாது என்று கூறுவோர் அயல்நாட்டை நோக்கலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் பணிப்புரைக்கமைய, 2017 முதல் ஒவ்வொரு கடனாளியும் ஆண்டுக்கொரு முறை தமது முழு அறிக்கையை ஒவ்வொரு பணியகத்திடமிருந்தும் இலவசமாகப் பெறலாம். திருத்தக் கோரிக்கை 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடின், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 இந்திய ரூபா நட்டஈடு வழங்கப்பட வேண்டுமென 2023இல் அவ்வங்கி அறிவித்தது.

இலங்கையிலும் ஒருவர் தமது சொந்த அறிக்கையைப் பெறுவதற்கு வழியுண்டு. ஆனால் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். தொகை பெரிதா சிறிதா என்பதல்ல இங்கு கேள்வி. ஒருவரைப் பற்றிய தகவலைக் கொண்டு அவருக்குப் பாதகமான தீர்மானமொன்று எடுக்கப்பட்ட பின்னர், அந்தத் தகவலை அறிய அவரே பணம் செலுத்த வேண்டும் என்பது நீதியாகுமா என்பதே கேள்வி. செலவு அதிகரிக்கும் என நிதி நிறுவனங்கள் வாதிடலாம். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலித்தபோதே அறிக்கை பெறப்பட்டுவிட்டது. அதன் பிரதியொன்றுக்கு ஆகும் மேலதிகச் செலவு அற்பமே. இரகசியத்தன்மை கருதி வங்கி அதனைக் கையளிக்க இயலாதெனில், பணியகமே நேரடியாக அனுப்பி வைக்கலாம்.

எனவே, மத்திய வங்கி மூன்று விடயங்களை உறுதிப்படுத்த வேண்டும். நிராகரிப்புக்கான காரணம் விண்ணப்பதாரரின் மொழியில், எழுத்தில் வழங்கப்பட வேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்கு அறிக்கை இலவசமாகக் கிடைக்க வேண்டும். திருத்தக் கோரிக்கைக்குக் கால எல்லையும், தாமதத்துக்கு நட்டஈடும் விதிக்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய தரவை அணுகவும் திருத்தவுமான உரிமையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. கொள்கையை வங்கிக் கருமபீடம் வரை கொண்டு செல்வதே எஞ்சியுள்ள பணி.

அதுவரை மக்களும் வாளாவிருத்தல் கூடாது. காரணத்தை எழுத்தில் கோருவதும், அறிக்கையைப் பெற்று வரிக்கு வரி ஒப்பிடுவதும், தவறான தகவலை அளித்த நிறுவனத்திடமே எழுத்துமூலம் திருத்தம் கேட்பதும், கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துவதும் அவசியமாகும். பிணைக் கையொப்பமிடுவோர் அக்கடனின் நிலையை இடையிடையே விசாரித்து அறிந்துகொள்வதும் நன்று.

வங்கியின் கதவு மூடப்படும்போது கடனுக்கான தேவை மறைந்துவிடுவதில்லை. அது உயர் வட்டிக்குக் கொடுப்போரின் வாசலுக்கு இடம்பெயர்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் சுமையால் பெண்கள் பட்ட துயரத்தை இந்நாடு கண்டிருக்கின்றது. திருத்தப்படாத ஒரு வரிப் பதிவு ஒரு குடும்பத்தை அந்தப் பாதையில் தள்ளிவிடக் கூடும். தீர்ப்பளிக்கப்பட்டவருக்குக் குற்றப்பத்திரத்தையாவது காட்டுவது குறைந்தபட்ச நீதியல்லவா?