இரும்புக் கடைக்குப் போடுமுன்

பழைய கணினியின் திரை கறுத்து நின்றால், "பழசுதானே, இரும்புக் கடைக்குப் போடுங்கள்" என்கிறோம். அது அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து.

எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியும் அப்படித்தான் நின்றது. என் உயர்தரப் பாடக் குறிப்புகள் முழுவதும் அதற்குள். வாப்பா கடன்பட்டுப் புதியது வாங்க யோசித்தார். நான் கொன்ட்ரோல், அல்ட், எஃப்3 விசைகளை ஒன்றாக அழுத்தினேன். எழுத்துத் திரை வந்து பயனர் பெயரைக் கேட்டது. கணினி இயங்கிக்கொண்டுதான் இருந்தது; வரைகலை முகப்பு மட்டுமே எழவில்லை. 'டிஎஃப்' கட்டளை கொடுத்தேன். வன்தட்டு 100% நிறைந்திருந்தது. முகப்பு எழும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டும், அதற்கும் இடமில்லை. தம்பியும் நானும் சேர்த்து வைத்த காணொளிகளை அழித்து மீள இயக்கினேன். முகப்பு வந்தது. ஒரு சதமும் செலவில்லை.

எல்லாக் கோளாறும் இவ்வளவு இலகுவல்ல. பழைய வரைகலை அட்டை ஒத்துழைக்காவிட்டால், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலவேளை அட்டையே பழுதாகியிருக்கும். அதையும் பார்த்த பிறகுதானே சொல்லலாம்?

பெற்றோரே, புதியது வாங்குமுன் உங்கள் மகளுக்கு ஒரு மாலைப் பொழுது கொடுங்கள். தோழியரே, "நானா வந்து பார்க்கட்டும்" என்று காத்திராதீர்கள்.