'சும்மா கெடந்த இடம்' யாருடையது?

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையோரம் கொடி பறக்கும் மனைப்பிரிவுகள் வரிசையாக நிற்கின்றன. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் ஒன்றைக் காட்டி, "இதெல்லாம் முன்ன சும்மா கெடந்த இடம் தம்பி" என்றார். என் அம்மாயி அங்கேதான் ஆடு மேய்த்தார், விறகு பொறுக்கினார். அவர் பெயரில் பட்டா கிடையாது. அதனால் அவர் அங்கே இருந்ததே ஊர்க் கணக்கில் இல்லை.

கிரேட் நிக்கோபார் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தீவில் ஒன்றிய அரசு கொண்டுவரும் திட்டத்தின் மதிப்பு 72,000 கோடி ரூபாய்க்கும் மேல். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், சுற்றுலாவையும் உள்ளடக்கிய புதுநகரம். மொத்தம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. இன்று சுமார் 8,000 பேர் வாழும் தீவில், 30 ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது திட்டக் கணக்கு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. அழியும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஹரியானாவில் இடம் காட்டினார்கள்.

நம் தோழர்கள் பலர் இதைக் கடலாமைக்கும் பவளப்பாறைக்குமான பிரச்சினை என்று கடந்துவிடுகிறார்கள். இது நிலப் பிரச்சினை. 2004 சுனாமியில் நிக்கோபாரி மக்களின் கடலோர ஊர்கள் அழிந்தன. பிழைத்தவர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்தது அரசு. சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் அன்றிலிருந்து கேட்கிறார்கள். திரும்ப வழி செய்யாமல் வைத்திருந்து, இப்போது அந்த ஊர்களையும் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். முதலில் தடையில்லாச் சான்று கொடுத்த பழங்குடி மன்றம், பூர்வீக ஊர்களும் போகின்றன என்று தெரிந்ததும் 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தகவலை மறைத்து அவசரப்படுத்தினார்கள் என்றது.

உள்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். பெரும்பாலோர் வெளியுலகத் தொடர்பைத் தவிர்ப்பவர்கள். அவர்களிடம் யார், எந்த மொழியில் ஒப்புதல் கேட்டார்கள்? 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்தானே?

விவரம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின், 1892-இல் பட்டியல் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க வழி பிறந்தது. மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனாலும் கடனுக்கும் கைநாட்டுக்கும் மிரட்டலுக்கும் நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994-இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தது. நிலம் அடுத்தவர் கையில் இருந்தது.

ஷோம்பென் மக்களின் வாழ்வும் நம் வாழ்வும் ஒன்றல்ல. நம்மைச் சாதி ஊருக்கு வெளியே தள்ளியது. அவர்கள் தங்கள் காட்டில் தாங்களாகவே இருந்தார்கள். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரை அந்தத் தீவில் குடியேற்றியபோதே, அவர்களைக் கேட்காமல் அவர்கள் நிலத்தைப் பங்கிடும் வேலை தொடங்கிவிட்டது.

வளர்ச்சி வந்தால் நம் பிள்ளைகளுக்கும் வேலை வரும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டையும் கிராமத்தையும் போற்றிப் பாடுவது நம் அரசியல் அல்ல. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தெரியும். துறைமுகமே கூடாது, விடுதியே கூடாது என்பதல்ல என் வாதம். அங்கே வாழ்பவர் 'வேண்டாம்' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதே கேள்வி. அடுத்தவர் நிலத்தைப் பறித்துக் கிடைக்கும் கூலி வேலையை நமக்கான நீதி என்று ஏற்க முடியாது. அப்படி ஏற்றால், பஞ்சமி நிலத்தை வளைத்தவர் சொல்லும் அதே நியாயத்தை நாமும் சொன்னதாகும்.

பஞ்சமி நில மீட்பு மேடைகளில் இனி நிக்கோபாரும் பேசப்பட வேண்டும். அன்று பேருந்தில் நான் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்: "அது சும்மா கெடக்கலண்ணே, எங்க அம்மாயி அங்கதான் இருந்துச்சு."